பிளக்-இன் ஹைபிரிட் மினிவான்: வாங்கியவர்களின் மனநிறைவும் மனக்குறையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் 2019 இலையுதிர் காலத்தில் கிறைஸ்லர் பசிபிக்கா ஹைபிரிட் மினிவான் ஒன்றை வாங்கி, ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் வைத்து ஓட்டி வருகிறோம். அன்றிலிருந்து உறவினர்களும், கோவிலில் சந்திப்பவர்களும், பிள்ளைகளின் நடன வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்டு வருகிறார்கள். இந்த வானை வாங்கி மகிழ்ந்திருப்பவர்களையும், வாங்கிய ஓராண்டிலேயே விற்றுவிட நினைத்தவர்களையும் நான் நேரில் அறிவேன். வண்டி இரவில் எங்கே நிற்கிறது, பகலில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்ற இரண்டையும் கேட்டாலே, ஒருவர் இவர்களில் எந்தப் பக்கம் நிற்பார் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது. கீழேயுள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

சாதாரண ஹைபிரிட்டுக்கும் பிளக்-இன் ஹைபிரிட்டுக்கும் என்ன வேறுபாடு?

ரொயோட்டா சியன்னா போன்ற சாதாரண ஹைபிரிட் வண்டியில் சிறிய மின்கலம் ஒன்று இருக்கும். பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் கிடைக்கும் ஆற்றலைச் சேமித்து அது எஞ்சினுக்குத் துணைபுரியும். நாம் அதற்குச் சுவரிலிருந்து மின்சாரம் கொடுப்பதில்லை. பிளக்-இன் ஹைபிரிட்டில் மின்கலம் பெரியது. வீட்டில் மின்னேற்றி, குறிப்பிட்ட தூரம்வரை பெற்றோல் இல்லாமலே ஓட்டலாம். மின்சாரம் தீர்ந்ததும் அது சாதாரண ஹைபிரிட்டைப் போல எஞ்சினின் துணையோடு ஓடத் தொடங்கும்.

பசிபிக்கா ஹைபிரிட் 2016 ஜனவரியில் டெற்றோயிற் வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, 2017ஆம் ஆண்டு மாதிரியாகச் சந்தைக்கு வந்தது. அதைத் தயாரித்ததும் நம் மாகாணத்தின் வின்ட்சர் நகரத் தொழிற்சாலைதான். அதன் மின்கலத்தின் கொள்ளளவு 16 கிலோவாட் மணி, எஞ்சின் 3.6 லீற்றர் வி6. இரண்டும் சேர்ந்து 260 குதிரைவலு தருகின்றன. ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வாகனங்களை உருவாக்கிய வேமோ நிறுவனம் தனது வாகனங்களில் ஒன்றாக இந்த வானையும் தேர்ந்தெடுத்தது என்பதையும் நினைவுபடுத்தலாம்.

மின்சாரத்தில் உண்மையிலேயே எவ்வளவு தூரம் ஓடும்?

முதல் மாதிரிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்த தூரம் 33 மைல்; பின்னர் வந்தவற்றுக்கு 32 மைல், அதாவது ஏறத்தாழ 51 கிலோமீற்றர். கோடையிலும் இலையுதிர் காலத்தின் தொடக்கத்திலும் நகரத் தெருக்களில் நிதானமாக ஓட்டினால் இந்தத் தூரத்தை எட்டலாம், சில நாட்களில் தாண்டவும் செய்யலாம். நெடுஞ்சாலை 401இல் மற்றவர்களின் வேகத்துக்கு ஈடாக ஓட்டினால் மின்கலம் கண்ணுக்குத் தெரியவே இறங்கும். தை, மாசி மாதக் குளிரில் மின்கலமும் சோர்ந்துவிடும், வெப்பமூட்டியும் அதே மின்சாரத்தில் பங்கு கேட்கும். ஆகவே கோடைக்காலத் தூரத்தை மனத்தில் வைத்து எந்தத் திட்டமும் போடக் கூடாது.

எங்கள் வீட்டில் காலையில் பாடசாலை, பிறகு வேலைக்கு நெருக்கமான ரயில் நிலையம், மாலையில் நடன வகுப்பு, வழியில் மரக்கறிக் கடை என்று நாளொன்றுக்கு முப்பத்தைந்து முதல் நாற்பது கிலோமீற்றர் ஓடுகிறது. வான் வருவதற்கு முன் வாரம் தவறாமல் பெற்றோல் நிலையத்துக்குப் போய்வந்த எனக்கு, கோடையில் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை போவதே அரிதாகிவிட்டது. எங்கள் மனநிறைவின் பெரும்பகுதி இதிலிருந்தே வருகிறது.

மின்கலம் நிறைந்திருக்கும்போதும் குளிர்காலத்தில் எஞ்சின் ஏன் இயங்குகிறது? வண்டியில் பழுதா?

பழுது இல்லை. வாங்கியவர்கள் முதல் குளிர்காலத்தில் அதிகம் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த வானில் மின்சார வெப்பமூட்டி இருக்கிறது. ஆயினும் வெளியே குளிர் கடுமையாகி, உள்ளே வெப்பம் கேட்கப்படும்போது, அது மட்டும் போதாது என்று வண்டியே முடிவுசெய்து எஞ்சினை இயக்கிவிடும். முன்கண்ணாடியின் பனிமூட்டத்தை நீக்கும் பொத்தானை அழுத்தினாலும் அப்படியே நடக்கலாம். இரவு முழுவதும் மின்னேற்றி, காலையில் கறுத்த கேபிள் குளிரில் விறைத்து வளைய மறுக்க, கையுறையோடு அதைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே அமர்ந்தால், திரையில் மின்கலம் நூறு சதவீதம் என்று இருக்கும். வீதியை அடைவதற்குள் எஞ்சினின் உறுமல் கேட்கும். எங்களுக்கு வண்டியை விற்றவர் ஐம்பது கிலோமீற்றருக்குள் எஞ்சின் ஒருபோதும் இயங்காது என்று உறுதியாகச் சொல்லியிருந்ததால், முதல் தடவை அந்த ஓசையைக் கேட்டபோது பெரும் பணத்தைத் தவறான இடத்தில் போட்டுவிட்டோமோ என்று மனம் கலங்கியது. உண்மையைச் சொல்லி விற்றிருந்தால் அந்தக் கலக்கத்துக்கு இடமே இருந்திருக்காது.

வண்டி கேபிளில் இணைந்திருக்கும்போதே உள்ளறையைச் சூடாக்கிக்கொள்வதும், காற்றைச் சூடாக்குவதைக் குறைத்து இருக்கை வெப்பத்தையும் ஸ்டியரிங் வெப்பத்தையும் பயன்படுத்துவதும் ஓரளவு உதவும். இவ்வளவு செய்தாலும் கடுங்குளிர் நாட்களில் எஞ்சின் ஓடவே செய்யும் என்பதை வாங்குவதற்கு முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். இப்போது மின்சாரம் மட்டும், இப்போது எஞ்சின் மட்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கும் பொத்தான் எங்கள் வானில் இல்லை. வேறு நிறுவனங்களின் பிளக்-இன் வண்டிகளை ஓட்டிப் பழகியவர்களுக்கு அது பெரிய குறையாகவே தோன்றுகிறது.

எஞ்சின் வாரக்கணக்கில் ஓடாவிட்டால் பெற்றோலும் எண்ணெயும் கெட்டுவிடாதா?

கெடக்கூடும் என்பதால்தான் எரிபொருளையும் எண்ணெயையும் புதுப்பிக்கும் நிலை ஒன்றை இந்த வானில் வைத்திருக்கிறார்கள். நீண்ட காலம் எஞ்சின் போதுமான அளவு சூடேறாமல் இருந்தாலோ, தாங்கியில் பெற்றோல் பழையதாகிவிட்டாலோ, மின்கலம் நிறைந்திருந்தாலும் எஞ்சின் தானாக இயங்கும். திரையிலும் அறிவிப்பு வரும். சிறு தூரங்களே ஓட்டுபவர்கள் தாங்கியை முழுவதும் நிரப்பாமல் கால்வாசி, அரைவாசி என்று வைத்திருந்து, இடையிடையே ஒரு நீண்ட பயணம் போய்வருவது நல்லது.

பணம் உண்மையிலேயே மிச்சமாகிறதா?

எங்களுக்கு மிச்சமாகிறது. உங்களுக்கும் ஆகுமா என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்; வழியை மட்டும் காட்டுகிறேன்.

51 கிலோமீற்றர் ஓடுவதற்குச் சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரம், மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஏறத்தாழ 13 கிலோவாட் மணி. ஒன்ராறியோவில் 2023 மே மாதம் அறிமுகமான மிகக் குறைந்த இரவுக் கட்டணத் திட்டத்தில், இரவு 11 மணி முதல் காலை 7 மணிவரை ஓர் அலகின் (ஒரு கிலோவாட் மணியின்) விலை தொடக்கத்தில் 2.4 சதமாக இருந்தது. அந்த விலையில் 13 அலகுக்கு முப்பது சதத்தைச் சற்றே தாண்டும். வினியோகக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்தாலும் ஒரு டொலரைச் சுற்றியே நிற்கும். அதே தூரத்துக்குப் பெற்றோலில் மட்டும் ஓடும் பசிபிக்காவுக்கு ஐந்தரை லீற்றர் வேண்டும். லீற்றர் 1.50 டொலர் என்று வைத்துக்கொண்டால் எட்டு டொலருக்கு மேல் ஆகிறது. ஆண்டில் 250 நாட்கள் மின்கலத்தை முழுதாகப் பயன்படுத்தும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு பெரிய தொகை. வாரத்தில் இரண்டே நாள் வண்டியை எடுப்பவருக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த இரவுக் கட்டணத் திட்டத்தில் வார நாட்களின் மாலை 4 மணி முதல் 9 மணிவரையான கட்டணம் மிகவும் அதிகம். தொடங்கியபோது அது 24 சதம். மின் அடுப்பில் இரவுச் சமையல், கோடையில் குளிரூட்டி, உடுப்பு உலர்த்தும் இயந்திரம் எல்லாமே அந்த நேரத்தில்தான் ஓடும் என்றால், வானில் மிஞ்சிய பணம் சமையலறை வழியாகப் போய்விடும். திட்டம் மாறுவதற்கு முன் ஒரு மாத மின் கட்டணச் சீட்டை எடுத்து நேரவாரியாகப் பாருங்கள்.

கொள்முதல் விலையைப் பொறுத்தவரை, 2019 மே மாதம் தொடங்கிய கனடிய மத்திய அரசின் ஊக்கத்தொகையில் எங்களுக்கு 5,000 டொலர் கிடைத்தது. ஒன்ராறியோ மாகாணத்தின் ஊக்கத்தொகை 2018இலேயே நின்றுவிட்டது. அந்த மத்திய அரசுத் திட்டமும் நிதி தீர்ந்து 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் 7,500 டொலர் வரிச்சலுகை 2025 செப்டம்பர் 30உடன் முடிந்தது. ஆகவே பழைய உரிமையாளர்கள் சொல்லும் சேமிப்புக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் 240 வோல்ட் மின்னேற்றி பொருத்த வேண்டுமா?

கட்டாயமில்லை, இருந்தால் வசதி. 240 வோல்ட்டில் இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். இங்குள்ள சாதாரண 120 வோல்ட் சுவர் இணைப்பில் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம்வரை ஆகலாம். மாலையில் திரும்பி மறுநாள் காலையில் வெளிக்கிடுபவருக்குச் சாதாரண இணைப்பே பெரும்பாலும் போதும். இரவின் எட்டு மணி நேரத்துக்குள் முழுதாக நிரப்ப விரும்பினாலோ, நண்பகலில் ஒருமுறை நிரப்பி இரண்டாம் சுற்று ஓட விரும்பினாலோ 240 வோல்ட் பயன் தரும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே வேலையைச் செய்வியுங்கள். ஒன்ராறியோவில் அந்த வேலையை மின்சாரப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். நீட்டிப்பு வயர் போட்டு மின்னேற்றாதீர்கள். மணிக்கணக்காக ஓடும் மின்னோட்டத்தில் தரம் குறைந்த வயர் சூடாகி உருகும்.

அடுக்குமாடியில் வசிக்கிறேன், வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இல்லை. வாங்கலாமா?

வாங்க வேண்டாம். மின்னேற்றாமல் ஓட்டினால் இந்த வான் 100 கிலோமீற்றருக்கு எட்டு லீற்றரை ஒட்டிக் குடிக்கும். 2021 முதல் ஹைபிரிட்டாக மட்டுமே வரும் சியன்னா ஆறரை லீற்றரில் முடித்துவிடும். பயன்படுத்தாத பெரிய மின்கலத்தின் விலையையும் கொடுத்து அதன் எடையையும் சுமந்து திரிவதில் பொருளில்லை. வருந்தியவர்கள் என்று நான் அறிந்தவர்களில் பாதிப்பேர் இந்த வகையினர்தான். வணிக வளாகத்தில் மின்னேற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்கியவர்கள் மூன்று மாதத்துக்குள் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள்.

மின்கலம் தீப்பிடித்ததாகக் கேள்விப்பட்டோம். பயப்பட வேண்டுமா?

அலட்சியம் செய்யக் கூடாத விடயம் இது. குறைபாட்டைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் வண்டிகளைத் திரும்ப அழைப்பதையே மீள அழைப்பு என்கிறார்கள்; பொதுவெளியில் பதிவானவற்றை வரிசையாகப் பார்ப்போம். 2017 ஜூனில், ஓடிக்கொண்டிருக்கும்போதே உந்துவிசை இழக்கும் ஆபத்துக்காக 1,677 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2020இல் 12 வோல்ட் மின்கல இணைப்பில் தீ ஆபத்து என்று 27,634 வண்டிகள் அழைக்கப்பட்டன. 2022 பெப்ரவரியில் வந்த அறிவிப்பே மக்களை அதிகம் அச்சுறுத்தியது. பன்னிரண்டு தீ நிகழ்வுகளுக்குப் பிறகு, 2017, 2018 மாதிரிகளின் உரிமையாளர்கள் வண்டியை வீட்டைவிட்டு விலக்கி வெளியே நிறுத்த வேண்டும், மின்னேற்றக் கூடாது என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 16,741 வண்டிகள் அதில் அடங்கின. அதே ஆண்டின் இறுதியில் எஞ்சின் திடீரென நின்றுவிடக்கூடும் என்று 67,118 வண்டிகள். 2024 ஜூலையில் மின்கலக் குறைபாட்டுக்காக 2017 முதல் 2021 வரையான மாதிரிகளில் சுமார் 24,000 வண்டிகள். இந்தக் கடைசி அழைப்பிலும் வெளியே நிறுத்துங்கள், மின்னேற்றாதீர்கள் என்ற அதே அறிவுரை.

மின்னேற்றி ஓட்டுவதற்காகவே கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய குடும்பத்திடம், தீர்வு தயாராகும்வரை மின்னேற்றாதே என்று சொன்னால் அவர்கள் எப்படி மனநிறைவோடு இருக்க முடியும்? கராஜுக்கு மேலே பிள்ளைகள் உறங்கும் அறை இருக்கிற வீடுகள் இங்கே எத்தனையோ. அந்த மாதங்களில் வண்டியைப் பனியில் வெளியே நிறுத்தியவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. பழுதுபார்ப்பு மென்பொருள் புதுப்பிப்பாகவும், தேவைப்பட்ட வண்டிகளுக்கு மின்கல மாற்றமாகவும் நடந்தது; அது முடிந்த வண்டிகளை அச்சமின்றி ஓட்டுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

நம்பகத்தன்மையில் இந்த வகை வண்டிகள் முழுவதற்குமே ஒரு பின்னடைவு உண்டு. கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் 2023இல் உரிமையாளர்களிடம் திரட்டிய விவரங்களின்படி, பிளக்-இன் ஹைபிரிட் வண்டிகளில் பெற்றோல் வண்டிகளைவிடச் சராசரியாக 146 சதவீதம் அதிகமான சிக்கல்கள் இருந்தன. சாதாரண ஹைபிரிட்களில் 26 சதவீதம் குறைவு. ஒரே வண்டிக்குள் எஞ்சினையும் பெரிய மின்கலத்தையும் மின்னேற்றும் அமைப்பையும் சேர்த்து வைக்கும்போது பழுதுபடக்கூடிய இடங்களும் பெருகுகின்றன.

இருக்கைகள் எப்படி? பெற்றோல் பசிபிக்காவில் எல்லாம் தரைக்குள் மடங்கிவிடுமே?

இதில் மூன்றாம் வரிசை மட்டுமே தரைக்குள் மடங்கும். பெற்றோல் வானில் இரண்டாம் வரிசை இருக்கைகள் மறையும் குழிகளில், இங்கே மின்கலம் அமர்ந்திருக்கிறது. எட்டாவது இருக்கையும் கிடையாது, ஏழு பேர்தான். தாத்தா பாட்டியோடு எட்டுப் பேராக இருக்கும் குடும்பங்கள் இதை முதலிலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வரிசையைக் கழற்ற முடியும். எங்கள் மகளின் அரங்கேற்றத்துக்கு நடராஜர் சிலையையும் குத்துவிளக்குகளையும் மேடைப் பலகைகளையும் மண்டபத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தபோது அப்படிச் செய்தோம். பூட்டை விடுவித்து, இருக்கையை முன்னே சரித்து, நானும் மைத்துனரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலால் வெளியே எடுத்தோம். கதவின் ஓரம் கீறாமலிருக்க மனைவி பழைய போர்வையொன்றை விரித்துப் பிடித்துக்கொண்டார். பிறகு அந்த இரண்டு இருக்கைகளும் நான்கு நாட்கள் கராஜின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. ஆண்டுக்கு ஓரிரு தடவை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வாரந்தோறும் சாமான் ஏற்றுபவர்களும், வைப்பதற்குக் கராஜ் இல்லாதவர்களும் பெற்றோல் மாதிரியையே பார்ப்பது நல்லது. நாள்தோறும் அமர்வதற்கோ, மடங்கும் இருக்கைகளைவிட இவை தடிப்பாகவும் சொகுசாகவும் இருக்கின்றன. மாமியாருக்கு முதுகுவலி இருப்பதால் எங்கள் வீட்டில் அது மதிக்கப்படுகிறது.

நீண்ட பயணத்துக்கு எப்படி?

வசதியாக இருக்கும், சிக்கனம் சாதாரணம்தான். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல்வரை ஏறத்தாழ 540 கிலோமீற்றர். அதில் முதல் நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் மின்சாரத்தில் போகும், மிகுதி முழுவதும் பெற்றோலில். வழியில் மின்னேற்றுவதில் பயனில்லை, விரைவு மின்னேற்றும் வசதி இந்த வானில் இல்லை. வார இறுதி தோறும் நெடுந்தூரம் போகும் குடும்பம் ஒரு சாதாரண ஹைபிரிட்டில் கூடுதல் மனநிறைவு அடையும்.

இழுவை, நான்கு சக்கர இயக்கம், உபரி ரயர்?

மூன்றும் இல்லை. இழுவைப் பெட்டி பூட்ட இதற்கு அனுமதி கிடையாது. நான்கு சக்கர இயக்கம் பெற்றோல் மாதிரிக்கு மட்டுமே வந்தது. உபரி ரயருக்குப் பதிலாகக் காற்றடிக்கும் கருவியும் ஒட்டுத்திரவமும் தருகிறார்கள். முன்சக்கர இயக்கத்தோடு நல்ல குளிர்கால ரயர்கள் போட்டு எங்கள் பகுதியின் பனியில் நாங்கள் சிரமப்பட்டதில்லை.

மீண்டும் வாங்குவதானால் இதையே வாங்குவீர்களா?

எங்கள் நாளாந்தத் தூரமும் கராஜில் மின் இணைப்பும் மாறாதிருந்தால், ஆம். அதிகாலையில் அயலவர் உறக்கம் கெடாமல் ஓசையின்றி வீதிக்கு இறங்குவதும், பாடசாலை வாசலில் காத்திருக்கும் இருபது நிமிடமும் குளிரூட்டி எஞ்சின் இல்லாமல் ஓடுவதும் எனக்கு இன்றும் பிடித்திருக்கின்றன. என் தம்பி பிறம்ரனிலிருந்து ஓஷவாவுக்கு நாள்தோறும் நெடுஞ்சாலையில் போய்வருகிறவர். அவர் கேட்டபோது வேண்டாம் என்றேன், அவரும் சியன்னா வாங்கினார்.

பழைய வண்டி வாங்குகிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் வண்டியின் அடையாள எண்ணைக் கொண்டு, நிறைவேறாத மீள அழைப்பு ஏதும் உண்டா என்று தயாரிப்பாளரிடம் சரிபாருங்கள். மின்கலம் தொடர்பான பழுதுபார்ப்பு முடிந்ததற்கான பணிச் சீட்டை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி உறுதியை ஏற்காதீர்கள். மின்கல உத்தரவாதம் மாதிரி ஆண்டையும் ஓடிய தூரத்தையும் பொறுத்து மாறுவதால், எவ்வளவு காலம் மிச்சமிருக்கிறது என்பதை உத்தரவாதக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். முழுதாக மின்னேற்றிய வண்டியையே ஓட்டிப் பார்க்கக் கேட்டு, மின்சாரத்தில் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்னேற்றும் கேபிள் வண்டியோடு வருகிறதா, முன் இடப்பக்கத்தில் உள்ள மின்னேற்றும் துளையில் அது உறுதியாகப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். மோட்டார் வழியாக வேகம் குறைவதால் பிரேக் தட்டுகள் குறைவாகவே உழைக்கும். வீதியில் கொட்டும் உப்பில் அவை தேயுமுன் துருப்பிடித்துவிடும். ஆகவே வண்டியை உயர்த்தச் சொல்லி, பின்சக்கரத் தட்டுகளின் உட்புறத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள்.